மொழிப் பெட்டி: மேல் கமா எங்கே நிற்கும்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் கடைசியில் 'எஸ்' வந்தால் அது பன்மையா, உடைமையா? அபாஸ்ட்ரஃபி போட வேண்டுமா? போட்டால் எஸ்ஸுக்கு முன்னாலா, பின்னாலா? சிவகாசி அச்சகங்களில் 27 வருடம் புரூஃப் பார்த்தவன் நான். அபாஸ்ட்ரஃபியை அங்கே 'மேல் கமா' என்போம். இங்கேயும் அப்படியே சொல்கிறேன். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். மேல் கமா மட்டும் ஆங்கிலத்தில் நிற்கும் இடத்திலேயே நிற்கும், கவனித்துப் படியுங்கள்.

கேள்வி: செப்டம்பர் 5 விழாவுக்கு ஃபிளெக்ஸ் அடிக்கக் கொடுத்தோம். 'டீச்சர்ஸ் டே' என்பதில் மேல் கமா எங்கே வரும் என்று கடைக்காரத் தம்பி கேட்டார். நாங்கள் மூன்று ஆசிரியைகளும் மூன்று விதமாகச் சொன்னோம். கடைசியில் குறியே இல்லாமல் அடித்துவிட்டோம். எது சரி, ஐயா?
— தொடக்கப் பள்ளி ஆசிரியை, பெரம்பலூர்

டீச்சர்ஸ். டீச்சர்'ஸ். டீச்சர்ஸ்'. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், மூன்றும் ஒரே ஓசைதான். காதை நம்பி எழுத முடியாது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே இதில் தடுமாறுவது அதனால்தான். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. தமிழில் இந்த மூன்றும் மூன்று ஓசை: ஆசிரியர்கள், ஆசிரியரின், ஆசிரியர்களின். கள் என்றால் பன்மை. இன் என்றால் உடைமை. இரண்டும் சேர்ந்தால் முதலில் கள், அப்புறம் இன். இந்த வரிசை ஒருநாளும் மாறாது.

ஆகவே எழுதுவதற்கு முன் அந்த இடத்தைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். கள் மட்டும் கேட்டால் மேல் கமா வேண்டாம். இன் மட்டும் கேட்டால் எஸ்ஸுக்கு முன்னால் போடுங்கள். களின் என்று கேட்டால் எஸ்ஸுக்குப் பின்னால் போடுங்கள். புரூஃப் பார்க்க வந்த புதுப் பிள்ளைகளுக்கு நான் முதல் நாளே சொல்லிக்கொடுத்தது இதைத்தான். பெரிய இலக்கணப் புத்தகத்தைக் கையில் கொடுத்ததைவிட இது வேகமாகப் பிடிபட்டது.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். 'ஆசிரியர் தினம்' என்று தமிழில் சொல்லும்போது கள் என்பதும் இல்லை, இன் என்பதும் இல்லை. கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஒரே ஓர் ஆசிரியரின் தினமா, எல்லா ஆசிரியர்களின் தினமா? டாக்டர் ராதாகிருஷ்ணனின் பிறந்தநாள்தான் என்றாலும், 1962 முதல் அதை நாம் எல்லா ஆசிரியர்களுக்குமாகக் கொண்டாடுகிறோம். களின் வந்துவிட்டது. எனவே டீச்சர்ஸ்' டே. எஸ்ஸுக்குப் பின்னால்.

அன்னையர் தினம் இதற்கு நேர் எதிர். தமிழில் 'அன்னையர்' என்று பன்மையில் சொல்கிறோம், ஆங்கிலத்திலோ அது மதர்'ஸ் டே, ஒருமை. அதற்கு ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவில் அந்த நாளைத் தொடங்கிவைத்த ஆனா ஜார்விஸ், 1908இல் தன் தாயின் நினைவாக மேற்கு வர்ஜீனியாவின் கிராஃப்டன் ஊர்த் தேவாலயத்தில் வழிபாடு ஏற்பாடு செய்தார். 1914இல் அதிபர் உட்ரோ வில்சன் அதை அதிகாரபூர்வ நாளாக அறிவித்தார். ஒவ்வொரு வீடும் தன் தாயைக் கொண்டாட வேண்டும், உலகத்துத் தாய்மார்களை மொத்தமாக அல்ல என்பதில் ஜார்விஸ் பிடிவாதமாக இருந்தார். அதனால் மேல் கமா எஸ்ஸுக்கு முன்னால் நின்றது. 'உங்கள் அம்மா' என்று ஒரு முகத்தைச் சுட்டுகிற குறி அது. எனக்கு மிகவும் பிடித்த மேல் கமா இதுதான்.

நவம்பர் 14க்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறுபடி கடிதம் எழுத வேண்டியிருக்கும். சில்ட்ரன் என்ற சொல்லுக்குள்ளேயே கள் இருக்கிறது. இனி இன் மட்டும் சேர்த்தால் போதும்: சில்ட்ரன்'ஸ் டே. மென், விமன் ஆகியவையும் அப்படித்தான். விமன்'ஸ் ஹாஸ்டல் என்றால் முன்னால். லேடீஸ்' ஹாஸ்டல் என்றால் பின்னால். ஒரே கட்டடம், ஒரே பொருள். ஆனால் லேடீஸ் என்பது எஸ் சேர்த்து ஆன பன்மை, விமன் எஸ் சேராமல் ஆன பன்மை. 'சில்ட்ரன்ஸ்' என்று பன்மைக்கு மேல் பன்மை போட்டுப் பல ஊர்களில் பலகை பார்த்திருக்கிறேன். 'குழந்தைகள்கள்' என்பது போல அது.

ஃபிளெக்ஸில் குறியே இல்லாமல் அடித்தது பெரிய குற்றம் இல்லை. அமெரிக்க அரசே 'வெட்டரன்ஸ் டே' என்பதற்கு மேல் கமா போடுவதில்லை. அது முன்னாள் படைவீரர்களுக்குச் சொந்தமான நாள் அல்ல, அவர்களைச் சிறப்பிக்கும் நாள் என்பது அவர்கள் தரும் விளக்கம். அடுத்த வருடம் பின்னால் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், சரிதானே?

கேள்வி: விடுப்புக் கடிதத்தில் 'டூ டேஸ் லீவ்' என்று எழுதியிருந்தேன். புதிதாக வந்த மேலாளர் சிவப்பு மையால் 'டேஸ்' என்பதைச் சுழித்துத் திருப்பி அனுப்பினார். 20 வருடமாக இப்படித்தானே எழுதுகிறேன்? அவர் என்ன தவறு கண்டார்?
— அலுவலக உதவியாளர், விருதுநகர்

இந்தக் கடிதத்தைப் படித்ததும் மனசு சங்கடப்பட்டது. சுழித்தவர், என்ன தவறு என்று ஒரு சொல் எழுதியிருக்கலாம். சரி, நாம் பார்த்துக்கொள்வோம்.

'இரண்டு நாள் விடுப்பு' என்று தமிழில் சொல்கிறோம். இரண்டு என்று எண்ணே இருப்பதால் 'நாள்கள்' என்று சொல்வதில்லை. இன் என்ற உருபும் மறைந்துவிட்டது. கள், இன் இரண்டும் வெளியே தெரியாத இடம் இது. இப்படி உருபு மறைந்து நிற்பதைத்தான் வேற்றுமைத் தொகை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். 'அம்மா கை' என்றால் அம்மாவினது கை. மறைந்ததை வெளியே இழுத்து வைத்துப் பாருங்கள்: இரண்டு நாள்களின் விடுப்பு. களின் கேட்கிறதா? டூ டேஸ்' லீவ். ஒரே நாள் என்றால் இன் மட்டும்: ஒன் டே'ஸ் லீவ்.

காலத்தைச் சொல்லும் சொற்களுக்கு ஆங்கிலம் இப்படி உடைமை கொடுக்கும். த்ரீ மந்த்ஸ்' சேலரி, எ வீக்'ஸ் டைம், டென் மினிட்ஸ்' வாக். குறியில் சந்தேகம் என்றால் சுற்றிப் போக ஒரு வழி உண்டு: 'லீவ் ஃபார் டூ டேஸ்'. இப்போது டேஸ் வெறும் பன்மை, பின்னால் உடைமைப் பொருள் எதுவும் இல்லை. மேல் கமா தேவையே இல்லை. அவசரமாகக் கடிதம் கொடுக்க வேண்டிய நாளில் இப்படி எழுதிவிடுங்கள்.

இன்னொரு வடிவமும் கண்ணில் படும்: எ டென்-மினிட் வாக். நடுவில் சிறு கோடு போட்டு எண்ணையும் சொல்லையும் கட்டிவிட்டால் பன்மையும் போய்விடும், உடைமையும் போய்விடும். கிட்டத்தட்ட நம் 'பத்து நிமிட நடை'தான் அது.

கேள்வி: என் கடையில் 'மீல்'ஸ் ரெடி' என்று பலகை எழுதி வைத்திருக்கிறேன். சாப்பிட வந்த கல்லூரிப் பையன்கள் அதைப் போட்டோ எடுத்துச் சிரித்தார்கள். பெயின்டர் எழுதியது, எனக்கு ஆங்கிலம் அவ்வளவு தெரியாது. பலகையை மாற்ற வேண்டுமா?
— உணவகம் நடத்துபவர், மதுரை

மாற்ற வேண்டாம் அண்ணே. பலகையின் பின்னணி நிறத்தில் ஒரு சொட்டு பெயின்ட் போதும், மேல் கமாவை மூடிவிடலாம். மீல்ஸ் என்பது வெறும் பன்மை, கள் மட்டும்தான்.

சிரித்த பையன்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இது நம் ஊர்த் தவறு அல்ல. இங்கிலாந்தில் காய்கறிக் கடைக்காரர்கள் தக்காளி, உருளைக்கிழங்கு, வாழைப்பழம் என்று விலை அட்டை எழுதும்போது பன்மைக்கெல்லாம் மேல் கமா போடுவார்கள். அந்த வழக்கத்துக்கு 'காய்கறிக் கடைக்காரரின் அபாஸ்ட்ரஃபி' என்றே அங்கே பெயர். அதைத் திருத்துவதற்காக ஜான் ரிச்சர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பத்திரிகையாளர் 2001இல் ஒரு சங்கமே தொடங்கினார். ஆங்கிலம் பிறந்த நாட்டில் நிலைமை இப்படி. மதுரையில் சோறு ஆக்கிப் போடுகிறவர் தலைகுனிய வேண்டியதே இல்லை.

ஒரு விஷயம் இங்கே கவனிக்கத் தக்கது. மேல் கமாவுக்கு உடைமை தவிர இன்னொரு வேலையும் உண்டு, விடுபட்ட எழுத்தைக் காட்டுவது. 'மீல்'ஸ் ரெடி' என்பதை 'மீல் இஸ் ரெடி' என்பதன் சுருக்கமாகவும் படிக்கலாம். சாப்பாடு தயார்! அந்த வகையில் பார்த்தால் உங்கள் பலகையில் பொருள் கெடவே இல்லை. ஆனாலும் மூடிவிடுங்கள். நம் ஊரில் 'மீல்ஸ்' என்பது சாம்பார், ரசம், மோர் எல்லாம் அடங்கிய முழுச் சாப்பாட்டின் பெயர் ஆகிவிட்டது, அந்தப் பெயர் அப்படியே இருக்கட்டும்.

கேள்வி: இட்ஸ், இட்'ஸ் இரண்டும் எனக்கு எப்போதும் குழப்பம். உடைமைக்கு மேல் கமா என்றால் 'இட்' என்பதற்கும் போட வேண்டும் அல்லவா?
— கல்லூரி மாணவி, நாகர்கோவில்

நியாயமான கேள்வி. நீங்கள் சொல்கிறபடி முன்பு எழுதியும் இருக்கிறார்கள். 17, 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் உடைமைக்கு இட்'ஸ் என்று மேல் கமாவோடு எழுதியது உண்டு. பிறகு மாறிவிட்டது. ஹிஸ், ஹர்ஸ், யுவர்ஸ், அவர்ஸ், தெயர்ஸ் ஆகிய எதற்கும் மேல் கமா இல்லை. அந்தக் குடும்பத்தில் இட்ஸும் சேர்ந்துகொண்டது. 'அதன்' என்றால் இட்ஸ். 'அது இப்படி இருக்கிறது' என்றால் இட்'ஸ், இட் இஸ் என்பதன் சுருக்கம். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் இட் இஸ் என்று விரித்துப் படியுங்கள். பொருள் கூடி வந்தால் மேல் கமா, வராவிட்டால் வேண்டாம்.

இதை நான் கற்றுக்கொண்டது ஓர் அட்டைப்பெட்டியில். 1990களின் நடுப்பகுதி. ஏற்றுமதிக்குப் போகும் ஒரு தின்பண்டத்துக்குப் பெட்டி அடித்தோம், பத்தாயிரம். முகப்பில் பெரிய எழுத்தில் 'நோன் ஃபார் இட்'ஸ் டேஸ்ட்' என்று இருந்தது. வாடிக்கையாளர் கொடுத்த கையெழுத்துப் பிரதியிலும் அப்படியே. நான் பார்த்த புரூஃபிலும் அப்படியே. கையெழுத்துப் போட்டுவிட்டேன். பெட்டிகள் வெட்டி, மடித்து, கட்டி முடித்த பிறகு வெளிநாட்டு வாங்குநரிடமிருந்து ஃபேக்ஸ் வந்தது: இட் இஸ் டேஸ்ட் என்றால் என்ன பொருள்?

மறுபடி அடிக்க நேரமும் இல்லை, பணமும் இல்லை. ஏழு பேர் தரையில் வட்டமாக உட்கார்ந்தோம். ஆளுக்கு ஒரு பாதி பிளேடு. வெள்ளைத் தளத்தில் நீல மேல் கமா, எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது. பிளேடின் முனையைப் படுக்கப் பிடித்து, மையை மட்டும் எடுக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் அட்டையின் பளபளப்பு போய் அந்த இடம் பஞ்சு போல எழும்பிவிடும். மூன்று பகல், இரண்டு இரவு. ஒட்டும் பிரிவிலிருந்து வந்த அக்கா ஒருவர்தான் எங்களில் சுத்தமாகச் செய்தவர். பள்ளிக்கூடம் போகாதவர். 'இந்தப் புள்ளி இருந்தா என்ன தம்பி அர்த்தம் மாறும்?' என்று என்னிடம் கேட்டார். 'அதன் ருசி' என்பது 'அது ருசி' என்று ஆகிவிட்டது அக்கா என்றேன். 'அப்படியா, அப்ப எடுத்துத்தான் ஆகணும்' என்று அடுத்த பெட்டியை எடுத்தார். அந்த நிமிடத்தில்தான் எனக்கே அது தெளிவாகப் பிடிபட்டது. அதன், அது. அதற்குப் பிறகு ஒருமுறை கூட நான் இதைத் தவற விட்டதில்லை.

கேள்வி: லண்டனில் வேலை பார்க்கிறேன். பிக்காடிலி சுரங்க ரயில் தடத்தில் ஏர்ல்'ஸ் கோர்ட் நிலையத்துக்கு மேல் கமா உண்டு, அடுத்த பேரன்ஸ் கோர்ட்டுக்கு இல்லை. ஏன்?
— வாசகர், ஈஸ்ட் ஹாம்

தினமும் கண்ணில் படுகிற ஒன்றைக் கவனித்து எழுதியதற்கு நன்றி. சிறப்புப் பெயர் என்பது பெயர் வைத்தவரின் சொத்து, இலக்கணம் அங்கே கொஞ்சம் ஒதுங்கி நிற்கும். உங்கள் ஊரிலேயே ஹாரட்ஸ் கடை தன் பெயரைக் குறியில்லாமல் எழுதுகிறது, சேன்ஸ்பரி'ஸ் கடை குறியோடு எழுதுகிறது. வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடை 2012 ஜனவரியில் தன் பெயரிலிருந்து மேல் கமாவை எடுத்தபோது பெரிய சர்ச்சையே நடந்தது. சென்னை அண்ணா சாலையில் இருக்கும் ஹிக்கின்பாதம்ஸ், 1844இல் தொடங்கிய புத்தகக் கடை, அதுவும் குறி இல்லாமல்தான் இருக்கிறது. தமிழர்கள் அதைப் படித்துப் பழகிவிட்டோம்.

அமெரிக்காவில் இதற்கு ஓர் அரசு வாரியமே இருக்கிறது. 1890இல் தொடங்கிய புவியியல் பெயர்கள் வாரியம், ஊர், மலை, ஆற்றுப் பெயர்களில் உடைமைக் குறியைத் தவிர்க்கிறது. விலக்காக அனுமதித்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை, அவற்றில் மார்த்தா'ஸ் வின்யார்ட் தீவு புகழ்பெற்றது. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் மாநகர மன்றமும் 2009இல் தெருப் பலகைகளில் குறி வேண்டாம் என்று முடிவெடுத்தது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒரு தெருவுக்கு ஒரு மனிதரின் பெயரை வைத்தால், அது அவருடையது என்று சொல்லும் சின்னக் குறியை ஏன் பிடுங்க வேண்டும்? ஆனால் பெயரை எழுதும்போது அவர்கள் எழுதுகிறபடியே எழுதுவதுதான் மரியாதை.

கேள்வி: 'கிங்'ஸ்' என்பது 'கிங் ஹிஸ்' என்பதன் சுருக்கம் என்று என் ஆசிரியர் அந்தக் காலத்தில் சொல்லிக்கொடுத்தார். உண்மையா?
— ஓய்வுபெற்ற தபால்காரர், கும்பகோணம்

உங்கள் ஆசிரியர் மட்டுமல்ல, சில நூற்றாண்டுகளுக்கு முன் ஆங்கிலேயர் பலரும் அப்படி நம்பினார்கள், 'தி கிங் ஹிஸ்' என்று எழுதவும் செய்தார்கள். ஆனால் அப்படியென்றால் குயின்'ஸ் என்பது எங்கிருந்து வந்தது? அது குயின் ஹர் என்று அல்லவா இருக்க வேண்டும்? உண்மையில் பழைய ஆங்கிலத்தில் பல பெயர்களுக்கு உடைமை உருபு 'எஸ்' என்ற ஒலியோடு ஓர் உயிரொலியும் சேர்ந்தது. அந்த உயிர் காலப்போக்கில் தேய்ந்தது. 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழக்கத்தைப் பார்த்து ஆங்கிலத்துக்கு வந்த மேல் கமா, விடுபட்ட எழுத்தைக் காட்டத்தான் முதலில் பயன்பட்டது. உடைமைக் குறியாக அது நிலைபெற்றது அப்புறம்தான். பன்மைக்குப் பின்னால் போடும் வழக்கம் அதற்கும் பிந்தியது.

கேள்வி: என் பெயர் தாமஸ் என்று முடியும். தாமஸ்'ஸ் ஹவுஸ் என்பதா, தாமஸ்' ஹவுஸ் என்பதா?
— வாசகர், தூத்துக்குடி

இரண்டும் வழக்கில் உண்டு. வாயில் 'தாமஸஸ்' என்று வருவதால் எஸ் சேர்த்து எழுதுவது என் கட்சி. 2006இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் கேன்சஸ் மாநிலம் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், தீர்ப்பு எழுதிய நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், உங்கள் பெயர்க்காரர்தான், கேன்சஸ்' என்று முடித்தார். மறுப்புத் தீர்ப்பு எழுதிய நீதிபதி சூட்டர் கேன்சஸ்'ஸ் என்று எழுதினார். குடும்பம் முழுவதையும் குறிக்க வேண்டுமானால் 'தி தாமஸஸ்', வெறும் பன்மை, குறி கிடையாது.

கேள்வி: 1980'ஸ், எம்எல்ஏ'ஸ் என்று பத்திரிகைகளில் முன்பு வருமே?
— வாசகர், ஈரோடு

வந்தது. இப்போது பெரும்பாலும் 1980ஸ், எம்எல்ஏஸ் என்று குறியில்லாமல்தான் எழுதுகிறார்கள். 'எம்எல்ஏவின் கார்' என்றால் மட்டும் எம்எல்ஏ'ஸ்.

கேள்வி: நான்காம் வகுப்பு படிக்கும் என் மகள் 'மை ஃப்ரெண்ட்'ஸ் ஆர் குட்' என்று எழுதியதற்குச் சிவப்புப் பெருக்கல் குறி. காரணம் எழுதவில்லை. அவள் அழுகிறாள். எப்படிப் புரியவைப்பது?
— தாய், சேலம்

முதலில் சோற்றைப் போட்டு அழுகையை நிறுத்துங்கள். அப்புறம் ஒரு தாளில் பூனை வரையச் சொல்லுங்கள், வாலோடு. 'இது யாருடைய வால்?' என்று கேளுங்கள். பூனையின் வால். கேட்'ஸ் டெயில் என்று நீங்கள் எழுதிக் காட்டுங்கள். மேல் கமாவை அந்த வால் போலவே வளைத்து எழுதினால் பிள்ளைக்கு மறக்காது. அடுத்து இரண்டு பூனை வரையட்டும், வால் பற்றிப் பேச்சே வேண்டாம். டூ கேட்ஸ். குறி இல்லை. மூன்றாவது, அந்த இரண்டு பூனைகளின் வால்கள்: கேட்ஸ்' டெயில்ஸ். டெயில்ஸ் என்பதற்கு ஏன் குறி இல்லை என்று அவளே கேட்டால், பாடம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அவள் எழுதிய வரிக்கு வாருங்கள். 'ஃப்ரெண்ட்'ஸ்' என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். ஃப்ரெண்டினுடைய என்ன? பையா, பென்சிலா, வீடா? அடுத்து வருவது 'ஆர்'. அது ஒரு பொருளே இல்லையே! என் நண்பர்கள் நல்லவர்கள், கள் மட்டும்தான். பெருக்கல் குறியை நீங்கள் அழிக்க வேண்டாம். பென்சில் எழுத்தில் இருக்கும் அந்த ஒரு மேல் கமாவை மட்டும் ரப்பரால் அவளே அழிக்கட்டும். அழித்த இடத்துக்குப் பக்கத்தில் 'ஏன்' என்று தமிழில் ஒரு வரி, அவள் சொந்த வார்த்தையில் எழுதட்டும். முடிந்தால் அந்த வரியை எனக்கு அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.